இருவருக்கும் ஒரே களிம்பு

அத்தான்,

ஆயுதபூசை வருகிறதென்று போன மாதம் கடைக்கு வெள்ளையடித்தோம். சாமிப் படங்கள் இருக்கிற பலகையில் கரையான் ஏறியிருந்ததால் இந்தத் தடவை அதையும் கழற்றச் சொன்னேன். பலகையைப் பெயர்த்ததும் அதற்குப் பின்னாலிருந்து பல வருடத்து மிளகாய் வத்தல் தூசி கொட்டியது. வெள்ளையடிக்க வந்தவர் தும்மித் தும்மி ஏணியை விட்டே இறங்கிவிட்டார். தூசியோடு தூசியாக ஒரு களிம்பு டியூப்பும் விழுந்தது. வாலிலிருந்து முக்கால்வாசி வரைக்கும் இறுக்கிச் சுருட்டிய டியூப்.

பார்த்த உடனே தெரிந்துவிட்டது, உங்கள் கைதான். நான் எதையும் நடுவில் பிடித்து அமுக்குகிறவன். அதற்காக உங்களிடம் வாங்கிய ஏச்சு கொஞ்சமா? "பேஸ்டா இருந்தாலும் களிம்பா இருந்தாலும் வால்ல இருந்துல்லா மாப்ளே வரணும்? நீ என்ன, எலுமிச்சம்பழமா புழியுதே?" வீட்டுக்குக் கொண்டுபோனால் அக்கா கேள்வி கேட்பாள் என்று முருகன் படத்துக்குப் பின்னால் அதை ஒளித்து வைத்திருந்தீர்கள். எப்போதோ பின்னால் நழுவி விழுந்திருக்கிறது. நீங்கள் போன பிறகும் இத்தனை வருடம் அங்கேயே கிடந்திருக்கிறது.

ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. வெள்ளையடிக்கிறவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "எந்தா அண்ணாச்சி, உங்களுக்கும் கண்ணு எரியுதோ?" என்று கேட்டார். ஆமா என்றேன்.

உங்களுக்கு ஒரு செய்தி சொல்லத்தான் இப்போது மத்தியானம் கடையைப் பாதி சாத்திவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இன்று காலைதான் அது உறுதியானது. ஆனால் எதையும் நேராகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். சுற்றிச் சுற்றித்தான் வருவேன். அப்போதெல்லாம் "விசயத்துக்கு வாடே" என்று அதட்டுவீர்கள். இப்போது அதட்ட ஆளில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவைக் கட்டிக்கொண்டு இங்கே மலையாளச் சீமையில், கரமனையில் குடிவைத்த கொஞ்ச நாளிலேயே என்னையும் ஊரிலிருந்து வரவழைத்தீர்கள். அறுபதுகளின் தொடக்கம். ஆரியசாலையில் உங்கள் வத்தல் கடை அப்போது இப்போதிருப்பதில் பாதிகூட இல்லை. முதல் நாள் நான் தும்மிய தும்மலில் எதிர்க்கடை மளிகைக்காரர் எழுந்து வந்து பார்த்தார். நீங்கள் தராசை விட்டு நகராமல் சொன்னீர்கள்: "இன்னும் கொஞ்ச நாளைக்குத் தும்மு மாப்ளே. அப்புறம் நீ தும்ம மாட்டே. பஸ்ல உன் பக்கத்துல நிக்கிறவன் தும்முவான்." அப்படியேதான் ஆயிற்று. கரமனை பஸ்ஸில் நாம் இரண்டு பேரும் ஏறினால் நமக்கு எப்போதும் தாராளமாக இடம் கிடைக்கும்.

உங்களிடம் சரக்கு இறக்க வருகிறவர்கள் பயந்தது ஒரே ஒரு விசயத்துக்கு. மற்றக் கடைக்காரர்கள் மூட்டையின் வாயைப் பிரித்து, மேலே இருக்கிற வத்தலை நாலு கிள்ளிப் பார்த்து, முகர்ந்து, சரி இறக்கு என்பார்கள். வாய்ப்பக்கம் எந்த வியாபாரியும் நல்ல வத்தலைத்தான் வைப்பான், இது ஊருக்கே தெரியும். நீங்கள் விலாப்பக்கத்துத் தையலை அறுத்து, முழங்கை வரைக்கும் கையை உள்ளே விடுவீர்கள். கண்ணை மூடிக்கொள்வீர்கள். மூட்டையின் வயிற்றிலிருந்து ஒரு பிடி எடுத்த பிறகுதான் கண்ணைத் திறப்பீர்கள். ஒரு மூட்டைக்கு அல்ல, லாரியில் வந்த அத்தனை மூட்டைக்கும்.

சாத்தூர்ப் பக்கத்துத் தரகர் ஒருத்தர் வருவாரே, வெற்றிலை வாயோடு, அவருக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, நம்ம பழக்கம் எத்தனை வருசம்? நான் உங்களை ஏமாத்துவனா?"

"நீரு ஏமாத்த மாட்டீரு வே. வத்தல் ஏமாத்தும்" என்றீர்கள். "நல்லா இருக்க மூட்டையையும் பாத்துத்தான் எடுக்கணும். கெட்டுப்போன மூட்டையைப் பாக்கதுக்கு நான் எதுக்கு? அதான் நாறுதே, தெருவுல போறவனே சொல்லிருவான்."

சொல்லிக்கொண்டே அடுத்த மூட்டைக்குள் கையை விட்டவர் அப்படியே நின்றுவிட்டீர்கள். "உள்ள சூடு இருக்கு. ஈரத்தோட கட்டிருக்கான். இன்னும் நாலு நாள்ல பூஞ்சை பிடிச்சு, பக்கத்து மூட்டையையும் கெடுக்கும். இதை இறக்காதீரு." வெளியே பார்த்தால் அந்த லோடிலேயே நிறமான வத்தல் அந்த மூட்டைதான். தரகர் வெற்றிலையைத் துப்பப் போய்விட்டார்.

அப்பேர்ப்பட்ட மனுசன் அத்தான் நீங்கள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

வத்தல் கடைக்காரனுக்கு வருகிற எல்லாச் சீக்குக்கும் ஒரே பேர்தான்: சூடு. கண் சிவந்தால் சூடு, வாயில் புண் வந்தால் சூடு, ஒண்ணுக்குப் போகும்போது எரிந்தால் சூடு, ரத்தம் போனாலும் சூடு. ஆரியசாலையில் ரத்தம் போகாத வத்தல் கடைக்காரனே இல்லை என்பது போல்தான் எல்லாரும் பேசிக்கொள்வார்கள். டீ குடிக்கும்போதே பேசுவார்கள். "இன்னைக்கு நமக்குக் குங்கும அர்ச்சனைதான்" என்று ஒருத்தர் சொல்ல, "இளநி குடிச்சீரா?" என்று இன்னொருத்தர் கேட்க, ஒரே சிரிப்பு. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், மத்தியானம் இளநீர், இரவு மோர்ச் சோறு. அதற்கு மேல் வைத்தியம் ஒன்றும் கிடையாது. கடையில் அப்படிப் பேசுகிற ஆண்பிள்ளைகள் வீட்டில் மட்டும் அதைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள்.

எனக்கு முதன்முதலாக ரத்தம் போனபோது நான் சிரிக்கவில்லை. பயந்து நடுங்கிப்போனேன். அப்போதுதான் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூட்டை மறைவில் உங்களைக் கூப்பிட்டு, அழாத குறையாகச் சொன்னேன். சூடு என்று நீங்களும் தள்ளிவிடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வா, காட்டிட்டு வந்துருவோம். கலியாணம் ஆகப்போற பய" என்று தம்பானூர்ப் பக்கம் ஒரு டாக்டரிடம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனீர்கள்.

அந்த டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு எனக்குச் செய்ததைச் சொன்னால் வெட்கக்கேடு. உயிரே போய்விட்டது. ஆனால் மனுசர் நன்றாகவே பார்த்தார். உள்ளே விளக்கு வைத்த ஒரு குழாயையும் விட்டுப் பார்த்தார். "பைல்ஸாணு. சாதாரணம். பேடிக்கண்டா" என்றார், வெறும் மூலம்தான், பயப்பட வேண்டாம் என்று. களிம்பு எழுதிக் கொடுத்தார். கீரை தின்னச் சொன்னார், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். நான் வாசல் வரைக்கும் வந்த பிறகு மறுபடி கூப்பிட்டு, ரத்தம் நிற்கவில்லையென்றால் கட்டாயம் திரும்பி வரணும், இன்னும் உள்ளே தள்ளிப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார்.

வெளியே பெஞ்சில் நீங்கள். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "என்ன மாப்ளே, மூட்டைக்குள்ள கைய விட்டுப் பாத்துட்டாரா?" எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. டீயும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தீர்கள். மருந்துக் கடையில் களிம்பை வாங்கி என் கையில் தருவதற்கு முன்னால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "எனக்கும் போகுது மாப்ளே. கொஞ்ச மாசமாவே."

"அப்போ வாங்க அத்தான், டாக்டர் இன்னும் உள்ளதான் இருக்காரு" என்றேன்.

"எதுக்குடே? ஒரே கடை, ஒரே வத்தல், உங்க அக்கா வைக்க ஒரே குழம்பு. ரெண்டு பேரும் உக்காருதது ஒரே மூட்டை மேல. உனக்குப் பாத்தது எனக்கும் பாத்த மாதிரிதான்."

இதைச் சொல்லிவிட்டுப் பெருமையாக ஒரு சிரிப்பு. ஒரு மூட்டையைப் பார்த்துவிட்டு இன்னொரு மூட்டையை இறக்குகிறவனைக் கண்டால் திட்டித் தீர்க்கிற மனுசர், என் வயிற்றைப் பார்த்துவிட்டு உங்கள் வயிற்றுக்கும் சீட்டு எழுதிக்கொண்டீர்கள். டாக்டரின் வாசற்படி தெருவுக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. களிம்பைப் பங்கு போட்டுக்கொள்வோம் என்றீர்கள். முதல் பாதி எனக்கு, மிச்சப் பாதி உங்களுக்கு. தம்பதி மாதிரி ஒரே டியூப் என்று நாம் கேலி பேசிக்கொண்டு வந்தோமே, அந்த டியூப்தான் இப்போது என் முன்னால் கிடக்கிறது.

எனக்கு ரத்தம் சீக்கிரமே நின்றுவிட்டது. கலியாணமும் ஆயிற்று. உங்களுக்கு நிற்கவில்லை. கேட்கும்போதெல்லாம், "முன்னைக்கு இப்ப தேவல" என்பீர்கள். டாக்டர் என்னிடம் கடைசியாகச் சொன்னதை நான் சொன்னேன். நிற்காவிட்டால் திரும்ப வரச் சொன்னாரே அத்தான் என்றேன். "அது உனக்குச் சொன்னது. உனக்கு நின்னுட்டுல்லா?" என்றீர்கள்.

"உங்களுக்கு நிக்கலையே!"

"நான் உன்னை விடப் பெரியவன்டே. எனக்குச் சூடு கூட. இறங்க நாளாகும்." வாயாலே வியாபாரம் பண்ணிப் பழகினவரை வாயால் ஜெயிக்க முடியுமா?

ரத்தம் போவது அக்காவுக்குத் தெரியாது. உங்களுக்கு மூலச்சூடு என்று மட்டும் நினைத்துக்கொண்டு கருணைக்கிழங்கு மசியல் வைத்துக் கொடுத்தாள், சின்ன வெங்காயத்தை நெய்யில் வதக்கிக் கொடுத்தாள். நீங்கள் பாராட்டிச் சாப்பிட்டீர்கள். ஆனால் சட்டை தொளதொளத்தது. ஒரு நாள் வயிறு இறுகிக்கொள்ளும், மறுநாள் அவிழ்த்துவிட்டாற்போல் போகும். பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு வரைக்கும் நடப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்று யாரிடமாவது பேச்சுக் கொடுப்பீர்கள். பேச்சுக்காக நிற்கவில்லை, மூச்சுக்காக நின்றீர்கள் என்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. "நிறம் ஏறிட்டு வாரேன், பாத்தியா" என்று அதையும் கேலியாக்கினீர்கள்.

கடையில் ஒருநாள் மூட்டைக்குள் கை விட்டவர் கையை எடுக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறீர்கள் என்றுதான் நான் நினைத்தேன். அப்படியே மூட்டையோடு சாய்ந்தீர்கள். வயிறு கல்லாக இருந்தது. டாக்சி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் நீங்கள் அக்காவிடம் சொல்லாதே, சொல்லாதே என்றுதான் முனகிக்கொண்டு வந்தீர்கள்.

அங்கே ஆபரேசன் பண்ணுகிற டாக்டரம்மா ஒருத்தர், ஒல்லியாக, கண்ணாடி போட்டவர், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். "குடும்பத்தில் ஆருக்கெங்கிலும் கேன்சர் உண்டாயிருந்தோ?"

உங்களுக்குக் கோபமே வந்துவிட்டது. "எங்க குடும்பத்துல அப்படி ஒரு சீக்கே கிடையாது டாக்டரே."

"அச்சன் உண்டோ?"

"இல்ல. எனக்கு மீசை முளைக்கதுக்கு முந்தியே போயிட்டாரு. மூலம். ரத்தமூலம் முத்திப் போச்சு."

"எந்த வயசில்?"

"நாப்பது இருக்கும்."

"அச்சன்கூடப் பிறந்தவங்க?"

"ஒரு அத்தை உண்டு. அவளுக்கும் மூலந்தான். அவளும் இல்ல இப்ப. எங்களுக்குக் குடும்பத்து மூலம் டாக்டரே" என்றீர்கள், ஊரில் இருக்கிற பூர்வீக வீட்டைச் சொல்வது போல.

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். அப்புறம் தமிழும் மலையாளமுமாகச் சொன்னார்: "மூலம் வந்நு ஆரும் நாப்பது வயசில் மரிக்கில்ல அண்ணாச்சி."

அப்போதுதான் உங்கள் முகம் மாறியது. நான் பார்த்தேன். அப்பாவும் அத்தையும் எதில் போனார்கள் என்று அந்த வினாடிதான் உங்களுக்கே தெரிந்தது. உங்கள் வீட்டில் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்த ஒரு பேரைச் சொன்னார்கள். அந்தப் பேரை நம்பித்தானே அத்தான் நீங்களும் பயப்படாமல் இருந்தீர்கள்?

வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, அடைப்புக்கு மட்டும் வழி பண்ணி, மூடிவிட்டார்கள். குடலில் ஆரம்பித்து ஈரல் வரைக்கும் போயிருந்தது. டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். இது வருடக்கணக்கில் உள்ளே சத்தமில்லாமல் வளர்வது, ஆரம்பத்திலேயே பார்த்திருந்தால் வெட்டி எடுத்துவிட்டு அனுப்பியிருப்பேன், இப்போது என் கையில் இல்லை என்றார். அவர் போகப் போனவர் திரும்பி, "மக்கள் உண்டோ?" என்று கேட்டார். ஒரு மகன், பள்ளிக்கூடத்தில் படிக்கிறான் என்றேன். "வளர்ந்த பிறகு அவனைக் கட்டாயம் பரிசோதிக்கணும். ரக்தம் வந்நிட்டு அல்ல. வரும் முன்பே. ஒண்ணும் இல்லாதபோதே" என்றார்.

ஒன்றும் இல்லாதபோதே ஒருத்தன் ஆஸ்பத்திரிக்குப் போவானா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கியது.

கரமனை வீட்டில், மழைக்காலத்தில், ஆறு கரை தொட்டு ஓடுகிறது என்று அக்கம்பக்கத்தில் எல்லாரும் பார்க்கப் போயிருந்த ஒரு சாயங்காலம். அக்கா கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். நீங்கள் கட்டிலில் எலும்பும் தோலுமாக. டாக்டரம்மா பயலைப் பற்றிச் சொன்னதை நான் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள், மூட்டைக்குள் கை விட்டவரைப் போல.

"ஆரியசாலையில வந்து இறங்கின மூட்டை எல்லாத்துலயும் கைய விட்டேன் மாப்ளே" என்றீர்கள். "என் மூட்டையை மட்டும் வாய்ப்பக்கம் பாத்துட்டு இறக்கிட்டேன்."

நான் அழுதுவிட்டேன். நீங்கள் அழவில்லை. என் கையைப் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அமுக்கினீர்கள். "பயலை விட்டுராதே. அவன் நல்லா இருக்கும்போதே பாரு. அவன் மாட்டேம்பான். என் மகன்லா? நீ விடாதே. நீ தாய்மாமன்."

சரி அத்தான் என்றேன். அந்த மழை விடுவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்கள் பயல் இப்போது கவர்மெண்ட் ஆபீசில் கிளார்க். உங்கள் அப்பா பேரைத்தான் அவனுக்கு வைத்தீர்கள், சுப்பையா என்று. மாமனார் பேரை வாயால் சொல்லக்கூடாதென்று அக்கா இன்று வரைக்கும் அவனை ராசா என்றுதான் கூப்பிடுகிறாள். கலியாணமாகி ஒரு பெண் குழந்தை. அவன் பெண்டாட்டியிடம் தமிழ் பேசுகிறான், குழந்தையிடம் மலையாளம் பேசுகிறான், கோபம் வந்தால் இரண்டையும் கலந்து பேசுகிறான். உங்கள் மூக்கு, உங்கள் முன்கோபம், உங்கள் பிடிவாதம். முப்பதை நெருங்குகிறான் என்றதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

சொல்லிப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணுமில்லயே மாமா. பின்னெ எதுக்கு?" என்றான். இன்னொரு தடவை சொன்னேன். "அப்பாக்கு வத்தல் கடை. சூடு. நான் ஃபேனுக்குக் கீழ இருந்து ஃபைல் பாக்குறவன்" என்றான். பார்த்தீர்களா? நீங்கள் போய்ச் சேர்ந்தும் அந்தச் சூடு போகவில்லை. உங்கள் மகனே அதை நம்பிக்கொண்டிருக்கிறான். அக்காவிடம் முறையிட்டால் அவள் அதற்கு மேல். "நல்லா இருக்கிற பிள்ளையை எதுக்குடா ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க வைக்கே? அந்தச் சீக்கு பேரை வாயில வச்சு மெல்லாதே தம்பி." அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உங்களுக்கு ஆபரேசன் நடந்த அன்று அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் உட்கார்ந்த உட்கார்வை நான் பார்த்தவன்.

அப்போதுதான் இந்த டியூப் கிடைத்தது. மறுநாளே எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கை கழுவும் வரைக்கும் காத்திருந்து, மேசை மேல் வைத்தேன்.

"இது என்னது மாமா?"

"உங்கப்பா டாக்டர்."

முறைத்தான். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பானூர் டாக்டர், பழம்பொரி, உனக்குப் பாத்தது எனக்குப் பாத்தது, பாதிப் பாதிக் களிம்பு, உங்கள் அப்பா, உங்கள் அத்தை, கடைசியில் நீங்கள் கட்டிலில் சொன்னது. அவனுக்கு ஒன்றுமே தெரியாது, அத்தான். பள்ளிக்கூடப் பையனிடம் யார் சொல்லியிருப்பார்கள்? அவனுக்குச் சொன்னதெல்லாம் அப்பாவுக்கு வயிற்றில் கட்டி என்பதுதான். அவனோடு இருக்கிற அக்காவும் அடுப்படி வாசலில் நின்று கேட்டாள். உங்களுக்கு ரத்தம் போன கதையை அவளும் அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் டியூப்பைக் கையில் எடுத்தான். அந்தச் சுருட்டலை விரலால் தடவிப் பார்த்தான். "அப்பா பேஸ்டும் இப்படித்தான் சுருட்டும்" என்றான் மெதுவாக. அவனும் அப்படித்தான் சுருட்டுகிறானாம்.

"நல்லா இருக்க மூட்டையையும் பாத்துத்தான் எடுக்கணும்னு சொன்னவரு உங்கப்பா. உனக்குக் காது குத்தும்போது நீ கத்தினே, உதைச்சே. மடியை விட்டு இறக்கினேனா? இப்பவும் இறக்க மாட்டேன்" என்றேன். எழுந்து வாசலுக்குப் போனான். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே, "எந்தக் கிழமை போணும்?" என்று கேட்டான்.

இப்போதெல்லாம் வளைந்து கொடுக்கிற ஒரு நீளக் குழாய் இருக்கிறது அத்தான், நுனியில் விளக்கோடு. குடல் முழுக்கப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறது. முந்தின நாள் வயிற்றைச் சுத்தமாக்க மருந்து கொடுத்துவிட்டார்கள். கஞ்சித் தண்ணியும் இளநீரும்தான் ஆகாரம். கட்டிலுக்கும் கக்கூசுக்குமாக நடந்து நடந்து ஓய்ந்துபோய், "அப்பா மேல உள்ள கோவத்தை என் வயித்துல தீக்குறீங்க மாமா" என்றான். உங்கள் வாய் அப்படியே.

அவனை உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் டாக்டர் கேட்டார், குடும்பத்தில் யாருக்காவது கேன்சர் உண்டா என்று. நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சொன்னான்: "அச்சனு உண்டாயிருந்து. அச்சன்டெ அச்சனும். ஒரு அத்தைப் பாட்டியும்." கணீரென்று சொன்னான். நீங்கள் இல்லவே இல்லை என்று கோபித்துக்கொண்ட அதே கேள்விதான் அத்தான் அது.

நானும் அக்காவும் வெளியே பெஞ்சில். அவன் கைக்கடிகாரத்தை அவள் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டிருந்தாள். நர்ஸ் வந்து, "சுப்பையாடெ ஆள்க்காரு ஆரா?" என்று கூப்பிட்டதும் அவள் சட்டென்று எழுந்து நின்று, "நான்தான். சுப்பையாவுக்கு அம்மா" என்றாள். அந்தப் பேரை அவள் வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

டாக்டர் வந்தார். ஒரு சின்ன வளர்ச்சி இருந்தது, அப்போதே எடுத்துவிட்டோம், பரிசோதனைக்கு அனுப்புகிறோம் என்றார். எவ்வளவு பெரிசு என்று கேட்டேன். விரல் நுனியைக் காட்டி, "ஒரு கொத்தமல்லியுடெ அத்ரயே உள்ளூ" என்றார், ஒரு மல்லி விதை அளவுதான் என்று. இன்று காலைதான் பதில் வந்தது. கெட்டது இல்லை. விட்டிருந்தால் ஒருநாள் ஆகியிருக்கும் என்றார்கள். இனி சில வருடத்துக்கு ஒரு தடவை வந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவன் ஆபீசுக்குப் போய்விட்டான். போகிற போக்கில், "மாமா, மூட்டை ஓகே" என்றான். அவன் பெண்ணையும் நேரம் வரும்போது காட்டுவானாம், கேட்காமலே சொன்னான்.

இதுதான் செய்தி. சொல்லிவிட்டேன். நீங்கள் என் கையை அமுக்கியது வீண் போகவில்லை.

ஆனால் இன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அக்கா ஒன்று கேட்டாள். கரமனைப் பாலம் தாண்டும்போது ஆற்றைப் பார்த்துக்கொண்டே, "தம்பி, அவுகளையும் அன்னைக்கே காட்டியிருந்தா இவ்வளவுதான் இருந்திருக்குமா?" என்றாள். இறங்குகிற இடம் வந்துவிட்டது போல எழுந்து நின்றுகொண்டேன்.

இன்று கடைக்கு வந்ததும் மல்லி மூட்டையின் விலாவைப் பிரித்து, நீங்கள் விடுவது போலக் கையை உள்ளே விட்டு, ஒரே ஒரு மல்லியை எடுத்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஊதினால் பறந்துவிடும். அதைச் சட்டைப் பையில் போட்டு வைத்திருக்கிறேன், எழுதும்போது நடுநடுவே தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். நாம் அந்த மருந்துக் கடை வாசலில் நின்று சிரித்தோமே, அதற்கும் எத்தனையோ வருடத்துக்கு முன்னால் ஒருநாள், உங்களுக்கும் அது இவ்வளவுதான் இருந்திருக்கும் அத்தான்.